பக்கத்துக் கொட்டகைக் கதவு

நம் வாக்கிங் கூட்டத்தில் யாராவது வீட்டுக் கதவைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறேன் என்று உங்களுக்கெல்லாம் ஒரு குறை. நேற்றும் அப்படித்தான். டீச்சரம்மா தன் மகன் கட்டிய வீட்டுக்குத் தேக்குக் கதவு போட்டிருப்பதாகவும், விரலை வைத்தால் திறக்கும், துளிச் சத்தம் வராது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்துவிட்டேன். "ஏனுங்க, வயித்தெரிச்சலா?" என்று பின்னால் ஒருத்தி கேட்டது என் காதில் விழுந்தது. ஆமாம், வயிற்றெரிச்சல்தான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அது டீச்சரம்மா கதவு மேல் இல்லை. சத்தம் வராத கதவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? என் வயிறு எரிவது வேறொரு கதவுக்காக. அதைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பாவாடை கட்டிவிட ஆள் வேண்டும். இப்போது முட்டிக்குத் தைலம் தேய்க்க ஆள் வேண்டும். எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்போது எங்களுக்குப் பவானி. கூடுதுறைக்குக் கீழே, ஆற்றில் போய் இறங்குகிற ஒரு சந்தில் வீடு. மண்சுவர், நாட்டு ஓடு. அந்த வீட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் கதவு மட்டும் தேக்கு. கனமான ஒற்றைக் கதவு. அதற்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் அந்த மரத்திலேயே குமிழ் போலச் செதுக்கியிருக்கும். குழியில் நின்று சுழலும். குடுமிக் கதவு என்போம். திறந்தால் முதலில் எருமை முனகுவது போல ஒரு சத்தம், முடிவில் அணில் கத்துவது போல ஒரு கீச்சு. சந்தில் விடியற்காலை முதலில் திறக்கிற கதவு எங்களுடையதுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மற்ற வீடுகளில் அடுப்புப் பற்றவைக்கிறார்கள் என்று அம்மாவுக்கு ஒரு பெருமை. கதவின் உள்பக்கம் கீழ் மூலையில் எலி கடித்த ஓட்டை ஒன்று இருந்தது. அப்பா ஒரு பிஸ்கட் டின்னை வெட்டித் தட்டி அதை அடைத்திருந்தார். டின்னில் ஒரு பச்சைக்கிளிப் படம். தவழ்கிற வயதில் இருந்த தம்பி அந்தக் கிளியைக் கையால் தட்டித் தட்டி அதனோடு மழலையில் நாயம் பேசுவான்.

ஐப்பசி மழையில் ஆறு ஏறியது. முதல் நாள் கடைசிப் படி, மறுநாள் சந்தின் முனை, அடுத்து எங்கள் வாசல். அப்பா கோயமுத்தூரில், கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. சனிக்கிழமை பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். அம்மா ஒரு துணி மூட்டையும் பாத்திர மூட்டையும் கட்டினாள். தம்பியை இடுப்பில் வைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தி, நாதாங்கியை மாட்டி, பூட்டுப் போட்டு, இழுத்து வேறு பார்த்தாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆறு பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ. நாங்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டோம்.

தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் வண்டல். சுவர் கரைந்து போயிருந்தது. ஓடுகள் சேற்றில் குத்திக்கொண்டு நின்றன. கதவும் இல்லை, அது நின்ற நிலையும் இல்லை. அம்மா அழவில்லை. முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வாரச்சந்தை கூடுகிற திடலில் எங்களுக்கெல்லாம் வரிசையாகக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். மேலே தகரம், பக்கத்துக்குத் தென்னந்தட்டி, கீழே மண். வாசல் என்று ஒரு திறப்பு மட்டும் விட்டிருந்தார்கள். அதில் ஆளுக்கொரு சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டோம். ஊர் வியாபாரிகள் குடும்பத்துக்கொரு ஜமக்காளம் கொடுத்தார்கள். எங்களுக்கு வந்தது சிவப்பும் பச்சையும் பட்டை போட்டது. திடல் முழுக்க பிளீச்சிங் பவுடரும் அழுகின வெங்காயமும் சேர்ந்து ஒரு வாடை. அந்த வாடையை இப்போது எங்கே முகர்ந்தாலும் எனக்கு அந்தப் பக்கத்துக் கொட்டகைதான் ஞாபகம் வருகிறது.

அதில் இருந்தது பரிசல்காரர் குடும்பம். ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். பரிசல்கார மாமா, அத்தை, என் வயதில் ஒரே மகள். எங்களுக்குப் போனது வீடு என்றால் அவர்களுக்குப் போனது ஒரு குடிசைதானே, அதுவும் வருசா வருசம் பிரித்துக் கட்டுகிற குடிசை என்று எனக்கு ஒரு எண்ணம். பெரிய அரண்மனையை விட்டுவிட்டு வந்தவள் மாதிரி! ஆனால் அந்தத் தகரக் கொட்டகையை அந்த அத்தை என்ன செய்தாள் தெரியுமா?

வந்த மறுநாளே தரையைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, கட்டையால் அடித்துச் சமன் செய்து சாணி மெழுகினாள். அவர்களுக்கு வந்த ஜமக்காளத்தைக் குறுக்கே கட்டித் தொங்கவிட்டாள். இந்தப் பக்கம் சமையல்கட்டு, அந்தப் பக்கம் படுக்கிற அறை. "எங்கூட்டுல ரெண்டு ரூம்பு" என்று மகள் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அத்தை மூங்கிலைப் பிளந்து அடுக்குப் பலகை கட்டினாள். டம்ளர்களைக் கவிழ்த்து வரிசையாக அதில் வைத்தாள். கொட்டகைக்கு வெளியே அவரை விதை ஊன்றினாள். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வாசலுக்கு மாமா ஒரு கதவு போட்டார்.

கதவு! வரிசையில் எல்லாருக்கும் சாக்கு, அவர்களுக்கு மட்டும் கதவு. இரண்டு பக்கமும் கட்டை நட்டு, கீழே கல்லில் குழி தோண்டி, மேலே சட்டம் வைத்து நிறுத்தினார். பரிசலுக்குத் தார் பூசிய கையோடு எங்கிருந்தோ நீலப் பெயிண்ட் வாங்கி வந்து வெளிப்பக்கம் பூசினார். அந்தக் கதவு வெள்ளத்துக்குப் பின்னாடி பாலத்துக்குக் கீழே முள்ளில் மாட்டிக் கிடந்ததாம். ஆற்றோடு வருவது பிடித்தவனுக்கு என்பது எங்கள் பக்கத்தில் காலங்காலமாக இருக்கிற பேச்சு. மரமானாலும் பானையானாலும் வெள்ளத்தில் இறங்கி இழுத்துக் கரையேற்றியவனுடையது. எதற்கும் யாரும் வழக்குப் பேச மாட்டார்கள்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பரிசல்காரர் மகளைக் கூப்பிடப் போவேன். சாத்தின கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஆரது?" என்பாள்.

"நாந்தான்."

"நாந்தான்னா ஆரு?"

"பக்கத்துக் கொட்டகை."

"எதுக்கு வந்தீங்க?"

இடுக்கு வழியாக நான் நிற்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் தினமும் கேட்பாள். பிறகு தாழ்ப்பாளை நகர்த்துவாள், மெதுவாக. எங்கள் சாக்கை அவள் தள்ளிக்கொண்டு உள்ளே வர ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. அவள் என்ன, நாய்கூடக் கேட்காது. ஒரு வாரத்தில் கூப்பிடப் போவதை நிறுத்திவிட்டேன். அந்தக் கதவுக்குள் செத்தாலும் காலை வைப்பதில்லை என்று மாரியம்மன் மேல் சத்தியம் வேறு செய்துகொண்டேன்.

தம்பிக்கு அந்த ரோசமெல்லாம் இல்லை. கீழே விட்டால் போதும், தவழ்ந்துகொண்டு நேராக அவர்கள் கொட்டகைக்குள் போய்விடுவான். சோறு ஊட்டும் நேரத்துக்கு அத்தைதான் தூக்கிக்கொண்டு வந்து விடுவாள். "உங்க மகனுக்கு எங்கூடுதான் புடிச்சிருக்குதுங்கக்கா" என்று சிரிப்பாள். அவன் தொடையில் நான் கிள்ளுவேன்.

எங்கள் கொட்டகையைக் கேளுங்கள். அம்மா மூட்டையையே அவிழ்க்கவில்லை. வேண்டியதை முடிச்சின் பக்கவாட்டில் கைவிட்டு எடுப்பாள், திரும்பத் திணிப்பாள். ஜமக்காளம் கொடுத்த மடிப்போடு மூலையில் கிடந்தது. அடுப்புக்கு மூன்று கல்லைக் கூட்டியதோடு சரி. "தரைய மெழுகலாம்மா" என்றால், "எதுக்குக் கண்ணு? நாம இங்கயேவா குடியிருக்கப் போறோம்?" என்பாள். சந்திலேயே முதலில் எழுகிறவள், இப்போது எல்லாரும் எழுந்த பிறகுதான் எழுந்தாள். விடிகாலையில் பக்கத்துக் கொட்டகைக் கதவு திறக்கும். அம்மா போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொள்வாள். எனக்கும் அரைத் தூக்கத்தில் எங்கள் வீட்டுக் கதவுச் சத்தம் கேட்டது போல இருக்கும். சந்தோசமாகக் கண்ணைத் திறந்தால் மேலே தகரம் தெரியும். கனவுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். "ஊடு போன ஏக்கத்துல அந்தம்மாவுக்குப் புத்தி ஒரு நெலையில இல்லீங்க" என்றாள் ஒருத்தி. "சோம்பேறித்தனமுங்க. பரிசக்காரம்மாளைப் பாத்தாவது கத்துக்க வேண்டாமா?" என்றாள் இன்னொருத்தி. எனக்கு இரண்டாமவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. என் அம்மாவுக்குப் பதில் அந்த அத்தை எனக்கு அம்மாவாக இருந்திருக்கக் கூடாதா என்று யோசித்தேன். யோசித்த உடனே அதற்காகவும் அந்த அத்தை மேல்தான் கோபம் வந்தது.

நானே ஒரு கதவு செய்து பார்த்தேன். சந்தைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன பழைய தட்டி ஒன்றை இழுத்து வந்து கயிற்றால் கட்டையோடு கட்டினேன். தாழ்ப்பாளுக்கு ஒரு குச்சி. பக்கத்துக்காரி பார்க்கட்டும் என்று பத்துத் தடவை திறந்து சாத்தினேன். மத்தியானம் திடலில் மேய்கிற ஆடு ஒன்று தட்டியோடு சேர்ந்து உள்ளே விழுந்து, ரேஷன் அரிசியில் வாயை வைத்தது. அம்மா உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து ஆட்டைத் துரத்தியவள் அவள்தான், பரிசல்காரர் மகள். துரத்திவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

மார்கழியில் அவர்கள் கொட்டகை மேல் ஒரு நட்சத்திரம் ஏறியது. மாமா மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி, சிவப்புக் காகிதம் ஒட்டி, உள்ளே சின்ன விளக்கு வைத்திருந்தார். பொழுது சாய்ந்தால் திடலே வந்து அண்ணாந்து பார்க்கும். அந்தச் சிவப்பு வெளிச்சம் எங்கள் தகரத்து மேலும் கொஞ்சம் விழுந்தது. நான் பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பி உட்காருவேன். அப்போதும் சுவர்த் தட்டியில் சிவப்பாகத் தெரியும். எங்கே போய் முட்டிக்கொள்வது?

கிறிஸ்துமஸ் அன்று காலையில் பரிசல்காரர் மகளே வந்தாள். புதுப் பாவாடை. "அம்மா கச்சாயம் சுட்டிருக்குது. உன்னையக் கூட்டியாரச் சொல்லுச்சு. தட்ட வேண்டாம், இன்னைக்குத் தொறந்தேதான் கெடக்கும்" என்றாள். கச்சாயம் என்றால் வெல்லமும் அரிசி மாவும் சேர்த்து எண்ணெயில் பொரித்தெடுப்பது. அந்த வாசனை விடியற்காலையில் இருந்து என்னைப் படுத்திக்கொண்டிருந்தது. மாரியம்மன் மன்னிப்பாள் என்று போனேன்.

உள்ளே நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் என் கஷ்டமே. தரை வழவழவென்று இருந்தது. ஜமக்காளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாதா படம், முன்னால் டம்ளரில் சாமந்தி. அத்தை தட்டில் கச்சாயம் வைத்து, "உக்காரு சாமி, தின்னு" என்றாள். நான் தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். உள்பக்கமாகத் திறந்து கிடந்த கதவுக்கு அடியில் தம்பி உட்கார்ந்திருந்தான். கையால் எதையோ தட்டிக்கொண்டு நாயம் பேசிக்கொண்டிருந்தான்.

தகரம். அதில் பச்சைக்கிளி. அப்பா அடித்த ஆணிகள், அதில் ஒன்று வளைந்து கோணலாக.

வெளியேதான் நீலம். உள்ளே பெயிண்ட் இல்லை. உள்ளே அது எங்கள் கதவு.

கச்சாயத்தை அப்படியே வைத்துவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவன் கிளியைக் கேட்டு அழுதான். நான் கத்தினேன்: "அம்மா, அது நம்ம கதவும்மா! கிளி இருக்குதும்மா! போய்க் கேளும்மா!"

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "தெரியும் கண்ணு" என்றாள்.

"தெரியுமா? எப்பத் தெரியும்?"

"அவிய அதை நட்டுத் தொறந்தன்னைக்கே தெரியும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா கேக்கலை?"

"ஆத்துல வந்தது புடிச்சவியளுக்குக் கண்ணு. வாய மூடிக்கிட்டு இரு."

சனிக்கிழமை அப்பா வந்தார். கிரீஸ் வாசனையோடு அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா சட்டையைத் திரும்பவும் மாட்டினார். "ஏம்புள்ள, நெசமா? கண்ணு முன்னால வெச்சுக்கிட்டுக் கம்முனா இருக்கறீங்க? நான் போயி நாயமா கேக்கறேன்."

அம்மா வாசலில் வந்து நின்றுகொண்டாள். "போனீங்கன்னா நான் இங்க இருக்க மாட்டேனுங்க மாமா."

"நம்ம பொருளைக் கேக்கறதுல என்ன?"

"அது எப்ப நம்ம பொருளாச்சு? ஆத்துல வாரது புடிச்சவனுக்குன்னு சொன்னது ஆருங்க? நான் இந்த ஊட்டுக்கு வந்த புதுசுல எங்கிட்டச் சொன்னது நீங்கதானுங்க."

அப்பா அம்மாவையே பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "ஆத்துல போறதை ஐயா குடி அம்மா குடின்னு குடுத்துப்போட்டு உக்காருங்க, போங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் படுத்துவிட்டார். இரண்டு பேருக்கும் முதுகெலும்பு இல்லை என்று நான் முடிவு கட்டினேன்.

ஆனால் எனக்கு இருந்ததே! திங்கட்கிழமை குழாயடியில் குடம் வைப்பதில் பரிசல்காரர் மகளுக்கும் எனக்கும் தகராறு. "நீங்க அக்கட்டால தள்ளிக்கங்க. கதவில்லாத ஊடு, நாயி போற ஊடு" என்றாள் அவள். என் வாயில் இருந்து மொத்தமும் வந்துவிட்டது. "அது எங்க கதவுடி! எங்க அப்பா அடிச்ச கிளிடி அது! உங்க அப்பா எங்க ஊட்டுக் கதவைத் திருடி நீலம் பூசி வெச்சிருக்கறாரு!" அவள் முகம் சுருங்கிப்போனது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அன்றைக்கு இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கச்சாயம்கூட அப்படி இனித்திருக்காது.

பொழுதோட மாமாவும் அத்தையும் கதவைக் கழற்றி ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கொட்டகை மேல் சாய்த்து வைத்தார்கள். அத்தைக்கு மூச்சு வாங்கியது. "தெரியாதுங்கக்கா. மாதா மேல சத்தியமாத் தெரியாது. ஆத்துல கெடந்துச்சுன்னு எடுத்துப்போட்டாரு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே கொண்டாந்து குடுத்திருப்போமுங்களே" என்றாள். கண் கலங்கியிருந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மகள் அவருக்குப் பின்னால் நின்றாள்.

அம்மா எழுந்து வந்தாள். கதவை மேலிருந்து கீழாக உள்ளங்கையால் தடவினாள். எங்கள் வாசலுக்கு எந்த இடத்தில் கல் நடுவது என்று மனத்துக்குள் அளந்தேன்.

"பெயிண்ட் நல்லா இருக்குதுங்க" என்றாள் அம்மா. "எடுத்துக்கிட்டுப் போங்க."

"ஐயோ, வேண்டாமுங்கக்கா. உங்க பொருளு."

"அம்மணி, கேளுங்க. இது எங்க ஊட்டுக்கும் ஆத்துலதான் வந்துச்சு. எங்க கல்யாணத்துக்கு முந்துன வெள்ளத்துல எங்க ஊட்டுக்காரரு நீந்திப் போயி இழுத்தாந்தது. நான் பொண்ணா வந்த புதுசு. ஒரு நாளு ஆரோ ஒரு அம்மா, மேக்க இருந்து நடந்து வந்திருப்பாங்களாட்ட இருக்குது, காலெல்லாம் புழுதி. எங்க வாசல்ல நின்னுக்கிட்டு இந்தக் கதவையே பாத்தாங்க. ஏனுங்க, ஆரு வேணுமுங்கன்னு கேட்டேன். ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் தண்ணி குடுங்கன்னாங்க. குடுத்தேன். குடிச்சுப்போட்டு, கதவை ஒருக்காத் தொறந்தாங்க, ஒருக்காச் சாத்துனாங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டாங்க. சொம்பைக் குடுத்துப்போட்டு, வாரனுங்கன்னு போயிட்டாங்க. ஊட்டுக்காரரு வந்து, கதவு ஆத்துல புடிச்சதுன்னு சொன்னப்பறந்தான் எனக்கு வெளங்குச்சு. அந்தம்மா வாயத் தொறந்து கேக்கலீங்க. நான் மட்டும் எந்த மூஞ்சியோட கேக்கறது?"

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்ப இது ஆரு கதவுங்கக்கா?"

"ஆருக்குத் தெரியும்? இப்ப உங்க கதவு. கொண்டு போயி மாட்டுங்க, பனி எறங்குது."

தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்ணை அள்ளி எங்கள் அடுப்பிலேயே போட்டேன். புழுதிக் காலோடு வந்த அந்த யாரோ ஒருத்திக்காக எங்கள் கதவு எங்களுக்கு இல்லை! அவள் கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? அன்று எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

தை பிறப்பதற்கு முன்பே பரிசல்காரர் குடும்பம் கிளம்பியது. கருமத்தம்பட்டியில் அத்தையின் அண்ணன் விசைத்தறியில் இருந்தார். அங்கே மாமாவுக்கும் வேலை. வண்டியில் மூங்கில் அடுக்குப் பலகை ஏறியது, ஜமக்காளம் ஏறியது, நட்சத்திரம்கூட ஏறியது. கதவு மட்டும் நின்றது. "வெச்சுட்டுப் போறமுங்கக்கா" என்றாள் அத்தை. அவரைக் கொடியில் அப்போதுதான் பூ வைத்திருந்தது. மகள் வண்டியில் ஏறி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

வண்டி முனை திரும்பியதும் அம்மா எழுந்தாள். எங்கள் மூட்டை இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கொட்டகையில் வைத்தாள். முடிச்சில் பல்லை வைத்துக் கடித்து அவிழ்த்தாள். மழைக்காலத்தில் கட்டிய முடிச்சு, இறுகிக் கிடந்தது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். எங்கள் ஜமக்காளத்தைப் பிரித்துக் குறுக்கே கட்டினாள். முந்தானையில் இருந்த சாவியை எடுத்துக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். பூட்டு எந்த ஊர் ஆற்றில் கிடந்ததோ, சாவிக்கு ஒரு இடம் கிடைத்தது. மறுநாள் விடியற்காலை திடலில் முதலில் திறந்த கதவு எங்களுடையது. பொங்கலுக்கு அந்த நீலக் கதவுக்கு முன்னால்தான் பானை வைத்தாள். பால் பொங்கி வழிந்தபோது தம்பி அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் முதல்முதலாக எழுந்து நின்றான்.

எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? கதவைச் சாத்தி உள்ளே நின்று "ஆரது?" என்று கேட்டுப் பார்த்தேன். தட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. நான் உள்ளே இருப்பதைப் பார்த்து அவள் வயிறு எரிய வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! எரிய வேண்டியவள் கருமத்தம்பட்டியில் இருந்தாள். வேறொரு கதவுக்குப் பின்னால் வேறொருத்தியை நிற்கவைத்து "நாந்தான்னா ஆரு?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது மறுபடியும் எரிந்தது எனக்குத்தான்.

மாசியில் அப்பாவுக்குக் கணபதியில் பட்டறைக்குப் பக்கத்திலேயே லைன் வீடு ஒன்று கிடைத்தது. சாமான் ஏற்ற லாரி வந்தது. அப்பா கதவைக் கழற்றக் கடப்பாரையோடு வந்தார். "அது இருக்கட்டுமுங்க" என்றாள் அம்மா. வரிசையின் கடைசியில், சாக்கடையோரக் கொட்டகையில் மாசமாக ஒரு பெண் இருந்தாள். அவளை அம்மா இங்கே வந்து இருந்துகொள்ளச் சொல்லியிருந்தாள். அப்பா கடப்பாரையை லாரியில் போட்டார். நான் தரையில் புரண்டு அழுதேன். புரண்டது வீண்.

எல்லாரும் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தோம். எங்கள் சாமான் ஏறி முடிவதற்குள்ளேயே அந்தப் பெண் தன் மூட்டையோடு உள்ளே போய்விட்டாள். அவளுடைய மகள், மூக்கொழுகிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஆடினாள். அது எங்கிருந்து வந்தது, யார் அதற்கு நீலம் பூசினார்கள், உள்ளே கிளி எதற்கு இருக்கிறது, ஒன்றும் தெரியாது அவளுக்கு. அவள் பாட்டுக்கு ஆடினாள்.

நான் அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். "உனக்கு வயிறே எரியாதாம்மா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எரியாம? ஐப்பசியில இருந்து எரியுதே கண்ணு. வெடியால அந்தக் கதவு தொறக்கற சத்தம் கேக்கப் பொறுக்காமத்தான் போர்வைய இழுத்துக் காதை மூடிக்குவேன். பக்கத்துல படுத்துக்கிட்டு நீ பாத்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன். தினமும் பார்த்திருக்கிறேன். சோம்பேறித்தனம் என்றல்லவா நினைத்தேன்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அந்தப் பிள்ளை இறங்கி, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எருமை முனகுவது போல அது ஆரம்பித்தது. கீச்சென்று முடிவதற்குள் அம்மா இரண்டு கையையும் எடுத்துப் பொத்தினாள். அவள் காதை அல்ல, என் காதை.